சாட்ஸ்வொர்த்தின் பேட்டைகளை நடைபாதையாலும் சைக்கிள் பாதையாலும் இணைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் இளைஞர் குழு, புரொமனாட் எனப்படும் கடற்கரை நடைபாதையைப் போலத் தங்கள் பக்கமும் ஒன்று வேண்டும் என்று நினைக்கிறது. பேவியூ, வெஸ்ட்கிளிஃப், கிராஃப்ட்டீன், சில்வர்கிளென் எல்லாவற்றையும் ஒரே பாதை வலையாக இணைக்க முடியுமா? முடியுமென்றால் எங்கே தொடங்குவது, நகராட்சியிடம் என்ன கேட்பது?

முடியும். ஆனால் புரொமனாடை முதலில் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். உம்கேனி முகத்துவாரத்திலிருந்து துறைமுக வாய் வரை ஏறத்தாழ 8 கி.மீ. நீளும் அந்தப் பாதை முழுக்கச் சமதளம். குறுக்கே சாலைகள் இல்லை என்றே சொல்லலாம். பெரும்பாலோர் காரில் வந்து இறங்கி, காற்று வாங்கிவிட்டுக் காரிலேயே திரும்பிப் போகிறார்கள். நீங்கள் கேட்பது, ஒரு வீட்டிலிருந்து பள்ளிக்கும் ஆர்.கே. கான் மருத்துவமனைக்கும் ரயில் நிலையத்துக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் கார் இல்லாமல் போய்வரும் வழி. இரண்டும் வேறு வேலை. முதலாவதுக்கு நீளம் முக்கியம். இரண்டாவதுக்கு அறுந்துகிடக்கும் இடங்களை ஒட்டுவது முக்கியம்.

சாட்ஸ்வொர்த்தில் இப்படி அறுந்த இடங்கள் தற்செயலாக வந்தவை இல்லை. 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின்படி இனவாரியாக ஊரைப் பிரித்தபோது, ஆறு, ரயில்பாதை, வேகச் சாலை, குடியிருப்பில்லாத இடைவெளி ஆகியவற்றையே வேலியாக வைத்தார்கள். 1960-களில் கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ் முதலிய இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட நம் இந்திய வம்சாவளி மக்கள் வந்து இறங்கியது வடக்கே உம்ஹ்லதுசானா ஆற்றுக்கும் தெற்கே உம்லாஸ் ஆற்றுக்கும் நடுவே இருந்த குன்றுகளில். ஆற்றுக்கு அப்பால் வடக்கே வெள்ளையர் பகுதியான குயின்ஸ்பரோ, தெற்கே கறுப்பினத்தவரின் உம்லாஸி. பார்வைக்கு எதிர்வீடு போலத் தெரியும் இடத்துக்குச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் சுற்ற வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். அந்தப் பழைய இடைவெளிகளில் பல இன்னமும் கட்டடமில்லாமல், நகராட்சியின் பொறுப்பில், டி-மாஸ் எனப்படும் பசுமைவெளி வலைக்குள் கிடக்கின்றன. பிரிக்கப் பயன்பட்ட நிலத்திலேயே இணைப்புப் பாதை போடலாம். அதனால் நிலம் கையகப்படுத்தும் செலவு உங்களுக்கு மற்ற நகரங்களைவிடக் குறைவு.

முதல் வேலை வரைபடம் போடுவது இல்லை; ஏற்கெனவே மக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதைகளைக் கண்டுபிடிப்பது. குறுக்குவழியாகப் புல் தேய்ந்து மண் தெரியும் கோடு ஒவ்வொன்றும், ஊரார் காலால் போட்டுவைத்த ஓட்டு. போனில் ஜிபிஎஸ் பதிவை ஓடவிட்டு எல்லாவற்றையும் ஒருமுறை நடந்து, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிவிடுங்கள். பிறகு முக்கியமான ஐந்தாறு இடங்களில் ஆள் நிறுத்தி எண்ணுங்கள்: வாரநாளில் காலை 6 முதல் 8 வரை, பள்ளிவிடும் நேரம் 1.30 முதல் 3 வரை, சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம். ஆண், பெண், பள்ளிப்பிள்ளை, சைக்கிள், சுமையோடு போகிறவர் என்று ஐந்து கட்டம் போதும். பெண்களின் எண்ணிக்கை பாதிக்கும் வெகுவாகக் கீழே இருந்தால் அந்த வழியில் பயம் இருக்கிறது என்று பொருள். அங்கே முதலில் செய்யவேண்டியது காங்கிரீட் போடுவதாக இருக்காது, புதர் வெட்டுவதாக இருக்கும்.

எந்தத் துண்டை முதலில் எடுப்பது? இரண்டு இடங்களுக்கு நடுவே நேர்கோட்டில் உள்ள தூரத்தையும் இன்று நடந்துபோக வேண்டிய தூரத்தையும் அளந்து வகுத்துப் பாருங்கள். விடை 1.4-க்குள் இருந்தால் விட்டுவிடலாம். 3, 4 என்று வந்தால் அங்கேதான் அறுந்திருக்கிறது. நேரே 300 மீட்டர், சாலைவழி 1,500 மீட்டர் என்றால் விகிதம் 5. அதை ஒட்டப் பெரும்பாலும் ஒரு ஓடைத் தாண்டலும் 150 மீட்டர் சரிவுப் பாதையும் போதும். இப்படி முதல் ஐந்து துண்டுகளைத் தேர்ந்தெடுத்தால், நடுவே உள்ள அமைதியான உள்தெருக்களே மீதி வலையாகிவிடும். வேகத்தடையும் அடையாளப் பலகையும் போட்ட உள்தெருவில் தனிப் பாதை வேண்டியதில்லை. நாலு கிலோமீட்டர் அழகுப் பாதை கேட்டுப் பத்து வருஷம் காத்திருப்பதைவிட, 200 மீட்டர் இணைப்புகள் ஐந்து கேட்பதே என் சிபாரிசு.

அடுத்தது நிலம் யாருடையது என்பது. நகராட்சியின் இணையவழி வரைபடத்தில் மனை எல்லையும் சமவுயரக் கோடும் செர்விட்யூட்டுகளும் (குழாய், கம்பி முதலியவற்றுக்காக நிலத்தின்மேல் உள்ள வழியுரிமை) இருக்கின்றன. பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் பெரிய சாக்கடைக் குழாயின் செர்விட்யூட்தான் உங்களுக்குப் பெரிய வரம். குழாய் மெல்லிய சரிவில் ஓடவேண்டும் என்பதால் அந்தத் தடமும் மெல்லிய சரிவுதான். மேன்ஹோலுக்குப் பராமரிப்பு வண்டி வரவேண்டும் என்பதால் அகலமும் ஓரளவு இருக்கும். தண்ணீர்த் துறைக்கும் அந்த வழி திறந்திருப்பது லாபம். ஆனால் மேன்ஹோல் மூடியைப் பாதையின் நடுவில் வைக்காதீர்கள். பொங்கினால் பாதை முழுக்க நாறும். மூடி திருட்டுப்போனால் சைக்கிளோடு ஆள் உள்ளே போவார். தடத்தை மேட்டுப் பக்கமாக ஒரு மீட்டராவது தள்ளுங்கள். மின்கோபுர வரிசையும் நல்ல தடம்தான், மரம் நடமுடியாது என்பதைத் தவிர. ரயில்பாதையைக் கடப்பதானால் பயணி ரயில் நிறுவனமான பிராசாவின் வேலீவ், அதாவது கடக்கும் அனுமதி, வேண்டும். அது தாமதமாகும் காரியம், முதல் வருஷத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

இனிச் சரிவு. சமதள ஊர்களுக்கு எழுதிய கையேட்டை வைத்து வேலைசெய்தால் இந்த ஊரில் தோற்பது இங்கேதான். சைக்கிள் ஓட்டி ஏறவேண்டுமானால் 5 சதவீதம் வசதி, 8 சதவீதம் சிறு தூரத்துக்குத் தாங்கும், அதற்குமேல் தள்ளிக்கொண்டு போவார்கள். சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1 என்பதே உச்சம், அதிலும் நடுநடுவே சமதளம் வேண்டும். 40 மீட்டர் ஆழமுள்ள பள்ளத்திலிருந்து 5 சதவீதத்தில் மேலேற 800 மீட்டர் பாதை வேண்டும். 8 சதவீதத்தில் 500 மீட்டர். எதிர்வீடு தெரிகிற தூரத்துக்கு யாரும் 800 மீட்டர் நடக்கமாட்டார்கள். அதனால் இரண்டு வழி போடுங்கள்: குன்றின் இடுப்பைச் சுற்றிச் சாய்வாக ஏறும் சைக்கிள் தடம் ஒன்று, நேராக ஏறும் படிக்கட்டு ஒன்று. படிக்கட்டை மட்டும் போட்டால் தள்ளுவண்டிக்காரர்களும் வயதானவர்களும் வெளியே. சாய்தடத்தை மட்டும் போட்டால் மற்றவர்கள் குறுக்கே வெட்டி இறங்குவார்கள், மழைக்காலத்தில் அந்த வெட்டு டொங்காவாகி (நீர் அரித்த பள்ளமாகி) உங்கள் பாதையையே அறுத்துவிடும்.

படிக்கு உயரம் 150 மி.மீ., மிதிப்பு 350 மி.மீ.; 12 படிக்கு ஒரு சமதளம். ஓரத்தில் சைக்கிள் சக்கரம் உருள ஒரு வாய்க்கால், 100 மி.மீ. அகலம், 50 மி.மீ. ஆழம். இதைக் கைப்பிடியை ஒட்டியே போட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு: ஹேண்டில்பாரும் பெடலும் கம்பியில் இடிக்கும், பிறகு யாரும் தொடமாட்டார்கள். கைப்பிடியிலிருந்து 300 மி.மீ. தள்ளி இருக்கட்டும்.

அகலம்: நடப்பவரும் சைக்கிளும் பகிரும் பாதைக்கு 3 மீட்டர், இடம் இல்லாவிட்டால் 2.5. இருபுறமும் அரை மீட்டர் வெறுமையான ஓரம். தலைக்குமேல் 2.5 மீட்டர் கிளையில்லாமல் இருக்கவேண்டும். (காவடிக்கும் அதே வழிதான் என்றால் 3 மீட்டருக்குமேல் கிளையைக் கழித்துவையுங்கள், மயிற்பீலி வளைவு மாட்டிக்கொள்ளாது. ரதத்துக்கு இந்தப் பாதை ஆகாது, அது சாலையிலேயே போகட்டும்.)

தரைக்கு என்ன போடுவது என்று கேட்டால் சரிவிலும் ஓடையோரத்திலும் காங்கிரீட், சமதளத்தில் தார் அல்லது பேவிங் கல், இயற்கைக் காப்பகத்துக்குள் வெறும் மண். சரளை மட்டும் கொட்டிவிட்டுப் போவது மலிவாகத் தெரியும். வருஷத்துக்கு ஏறத்தாழ 1,000 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச்சுக்குள் கொட்டும் ஊரில், 5 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவில் போட்ட சரளை ஒரே மழைப்பருவத்தில் ஓடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

காங்கிரீட் பாதையின் கணக்கைச் சொல்கிறேன், ஒப்பந்ததாரர் விலை சொல்லும்போது கையில் இருக்கட்டும். 100 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 100 மி.மீ. கனம் என்றால் 25 கன மீட்டர். ரெடிமிக்ஸ் லாரி ஒன்று 6 கன மீட்டர் கொண்டுவரும், ஆனால் பள்ளத்துக்குள் அது இறங்காது. அங்கேயே கலப்பதானால் 25 மெகாபாஸ்கல் வலிமைக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டை 2, மணல் 3 தள்ளுவண்டி, 19 மி.மீ. ஜல்லி 3 தள்ளுவண்டி என்ற அளவு. ஒரு கன மீட்டருக்கு எட்டு மூட்டைக்குச் சற்றுக் குறையும். 100 மீட்டருக்கு ஏறத்தாழ 190 மூட்டை. அடியில் ஜி5 தரச் சரளை 150 மி.மீ., இரண்டு அடுக்காக நனைத்து போமாக் உருளையால் அமுக்கவேண்டும். ஓரம் சேர்த்து 2.8 மீட்டர் அகலம் பிடித்தால் அமுங்கிய அளவே 42 கன மீட்டர். லாரியில் தளர்ந்த நிலையில் 55 வரை வாங்கவேண்டிவரும். பராமரிப்பு வண்டி ஏறும் பகுதியில் கனத்தை 150 மி.மீ. ஆக்கி ரெஃப் 193 கம்பிவலை போடுங்கள், வலை காங்கிரீட் பலகையின் மேல் பாதியில் இருக்கவேண்டும். தரையில் விரித்துவிட்டு அதன்மேல் காங்கிரீட் கொட்டினால் வலை இருந்தும் இல்லாததுதான்.

விரிசல் எப்படியும் வரும். எங்கே வரவேண்டும் என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். 2.5 முதல் 3 மீட்டருக்கு ஒரு வெட்டு, ஆழம் 25 முதல் 30 மி.மீ., கொட்டிய மறுநாளுக்குள் ரம்பத்தால். இரண்டு நாள் கழித்து வெட்ட வந்தால் அதற்குள் அது தன் இஷ்டத்துக்கு வெடித்திருக்கும். மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்க்கவிடாதீர்கள். பாதைக்குக் குறுக்கே துடைப்பத்தால் இழுத்த கோடு போதும். ஏழு நாள் பிளாஸ்டிக் விரித்து ஈரம் காக்கவேண்டும். டர்பன் வெயிலில் இதைத் தவிர்க்கிற ஒப்பந்ததாரரின் பாதை இரண்டாம் வருஷமே மாவாக உதிரும்.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், பாதையைக் கொல்வது காலடி இல்லை, மழைநீர்தான். சரிவை வெட்டிப் போட்ட பாதையை எந்தப் பக்கம் சாய்ப்பது? பாடப்புத்தகம் மலைப்பக்கம் சாய்த்து உள்வாய்க்கால் போடச் சொல்லும். இங்கே அந்த வாய்க்கால் ஒரு மாதத்தில் சிப்ஸ் பாக்கெட்டாலும் இலையாலும் அடைந்து, தண்ணீர் பாதைமேல் ஏறி, ஏதோ ஒரு இடத்தில் ஒட்டுமொத்தமாக இறங்கி அறுக்கும். முடிந்த இடமெல்லாம் பள்ளத்துப் பக்கம் 2 சதவீதம் சாயுங்கள், நீர் விரிந்து மெல்லப் போய்விடும். நீளவாக்கில் சரிவு 5 சதவீதத்தைத் தாண்டினால் 30 மீட்டருக்கு ஒருமுறை பாதையின் குறுக்கே ஆழமில்லாத தாழ்வு ஒன்று கட்டி நீரை வெளியே தள்ளுங்கள். அது விழும் இடத்தில் கல் பதித்திருக்கவேண்டும். மலைப்பக்கம் ஊற்றுக் கசிவு இருந்தால் மட்டும் உள்வாய்க்காலும் குறுக்குக் குழாயும். குழாய் 450 மி.மீ. விட்டத்துக்குக் குறையக்கூடாது. 300 போட்டு மிச்சம்பிடித்தால் மண்வெட்டிகூட உள்ளே நுழையாது.

ஓடைத் தாண்டலில் இரண்டு தத்துவம் உண்டு: வெள்ளத்தைத் தன்மேல் ஓடவிடும் தாழ்வான காங்கிரீட் பலகையான டிரிஃப்ட், அல்லது வெள்ளத்துக்குமேல் நிற்கும் பாலம். நடுவே ஒன்று வேண்டாம். 2022 ஏப்ரல் 11, 12-இல் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டி, குவாஸுலு-நட்டாலில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்த வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி நாளில் ஓடையில் வருவது தண்ணீர் மட்டும் இல்லை: மரம், மெத்தை, தகரம், குப்பைத்தொட்டி. சின்னக் குழாய்கள் வைத்துக் கட்டிய தாழ்பாலத்தில் இவை அடைந்தால் பாலம் அணையாகிவிடும். தண்ணீர் கரையைச் சுற்றி அறுத்து, பாலம் மட்டும் நட்டாற்றில் தனியே நிற்கும்.

டிரிஃப்ட் என்றால் கைப்பிடிச் சுவர் வைக்காதீர்கள், குப்பை மாட்டும், 150 மி.மீ. விளிம்புக்கல் போதும். பலகையின் மேல்நீர்ப் பக்கமும் கீழ்நீர்ப் பக்கமும் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தடுப்புச்சுவர் இறக்குங்கள். கீழ்நீர்ப் பக்கம் கேபியன் மெத்தை (கம்பிக்கூண்டில் அடைத்த கல்) விரியுங்கள், ஏனென்றால் டிரிஃப்ட் எப்போதும் சாவது அந்தப் பக்கம்தான்: விழும் நீர் குழி பறிக்கும், பலகைக்கு அடியில் மண் போகும், பிறகு உடையும். நீர்மட்டம் காட்டும் கோடு போட்ட தூண் இரு கரையிலும் வேண்டும். பள்ளிப்பிள்ளைகள் தினமும் தாண்டும் இடத்துக்கு டிரிஃப்ட் கூடாது. அங்கே பாலத்தைத் தவிர வேறெதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பாலத்துக்கு உள்ளகலம் 2.5 மீட்டர், சைக்கிளுக்கு 1.4 மீட்டர் உயரக் கைப்பிடி, சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் பாரம். வடிவமைப்பாளரிடம் ஒன்று கேளுங்கள்: இரு கரையிலும் பாலத்துக்கு வரும் மண்மேட்டுப் பாதையைப் பாலத்தைவிட அரை மீட்டராவது தாழ்வாக வைக்கமுடியுமா? முடிந்தால் பெருவெள்ளம் அதன்மேல் வழிந்து போகும், பாலம் தப்பும். நாலு லாரி மண்ணைத் திரும்பக் கொட்டுவது பாலத்தைத் திரும்பக் கட்டுவதைவிட மலிவு. இரும்புத் தகட்டுத் தளம், அலுமினியக் கைப்பிடி எதுவும் வேண்டாம், பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். தளம் காங்கிரீட்டாக இருக்கட்டும், கைப்பிடியைப் பற்றவைத்துவிடுங்கள். இப்படிப்பட்ட பள்ளத்தாக்குகளில் ஓடைக்குமேல் வெளியே தெரியும் சாக்கடைக் குழாய்மேல் மக்கள் கைவீசி நடப்பதைப் பார்க்கலாம். குழாயின்மேல் செருப்புத் தேய்ந்து பளபளக்கும் இடம் இருந்தால், உங்கள் பாலம் அதிலிருந்து பத்தடியில் இருக்கவேண்டும். ஐம்பது மீட்டர் தள்ளிக் கட்டினால் ஜனங்கள் குழாயையே வைத்துக்கொள்வார்கள்.

பெருஞ்சாலையைக் கடப்பது ஓடையைவிடக் கடினம். தென்னாப்பிரிக்கச் சாலைச் சாவுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் நடந்துபோகிறவர்கள். ஹிகின்சன் ஹைவே என்றதும் எல்லோரும் மேம்பாலம் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: லாரிக்கு 5 மீட்டருக்கு மேல் இடம் விடவேண்டும், தளத்தின் கனமும் சேர்ந்து 6 மீட்டர் ஏற்றம். 8 சதவீத ராம்ப் என்றால் ஒரு பக்கத்துக்கு 75 மீட்டர், இரண்டு பக்கமும் 150. இருபத்தைந்து மீட்டர் சாலையைத் தாண்ட 150 மீட்டர் ஏறி இறங்க யாருக்குப் பொறுமை? நடுவேலியை வெட்டி ஓடுவார்கள், மேம்பாலம் வேறு காரியங்களுக்குப் புகலிடமாகும். விதிவிலக்கு ஒன்று உண்டு: குன்றை வெட்டிச் சாலை தாழ்ந்து போகும் இடத்தில், இரு கரையின் மட்டத்திலேயே பாலம் போட்டால் ஏற்றமே இல்லை. சாட்ஸ்வொர்த் நிலத்தில் அப்படி ஒரு இடத்தைத் தேடிப்பாருங்கள். கிடைக்காவிட்டால் தரைமட்டத்தில் ரோபோ (போக்குவரத்து விளக்கு) போட்ட கடவை கேளுங்கள், நடுத்தீவு குறைந்தது 2 மீட்டர், சைக்கிளே 1.8 மீட்டர் இருக்கிறது. பச்சை நேரத்தை வினாடிக்கு 1.2 மீட்டர் நடைவேகத்துக்கு வைப்பது வழக்கம். பள்ளியும் மருத்துவமனையும் பக்கத்தில் இருந்தால் 1 மீட்டர் என்று கேளுங்கள். உள்சாலைகளில் மேடைக் கடவை போதும்: 100 மி.மீ. உயரம், 1.5 மீட்டர் ஏற்றம், கொம்பி டாக்சி (பலர் பகிரும் வேன்) நிற்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி. டாக்சி சங்கத்தோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள். பேசாமல் போட்டால் அந்த மேடையே டாக்சி நிறுத்தமாகிவிடும்.

வழிப்பறி பயம் நியாயமானது, அதை மழுப்பவேண்டாம். பாதையின் இருபுறமும் 5 மீட்டருக்கு முழங்கால் உயரத்துக்கு மேற்பட்ட புதர் இருக்கக்கூடாது; இங்கே அது பெரும்பாலும் லாண்டானாவும் குரோமோலீனாவும்தான், இரண்டும் ஒழிக்கவேண்டிய அந்நியச் செடிகள், யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள். வெட்டினால் மட்டும் போதாது, குரோமோலீனா அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும், மூன்று நாலு மாதத்தில் திரும்பப் போகவேண்டும். 150 மீட்டருக்கு ஒரு வெளியேறும் வழி இருக்கட்டும். வீடுகளின் பின்சுவரை ஒட்டிப் போகும் தடத்தைவிட முன்வாசல் தெரியும் தடம் எப்போதும் மேல். விளக்கைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது: யார் கண்ணிலும் படாத பள்ளத்தில் விளக்குப் போடாதீர்கள். அது பொய்த் தைரியம் கொடுக்கும், கம்பியும் சோலார் பேட்டரியும் திருட்டுப்போகும், பிறகு இருட்டில் ஆட்கள் மாட்டுவார்கள். கடவைகளிலும் நுழைவாயில்களிலும் போடுங்கள். பள்ளத்துப் பாதை பகல் பாதை என்றே அறிவியுங்கள்.

நுழைவாயிலை ஒரு நிமிடம் கூர்ந்து பாருங்கள். நடுவில் ஒரு தூண், இருபுறமும் ஒன்றொன்று, இடைவெளி 1.5 மீட்டர்: சைக்கிளும் சக்கர நாற்காலியும் நுழையும், பக்கி (பிக்-அப் வண்டி) நுழையாது. தூண் காங்கிரீட்டில், நடுத்தூண் மட்டும் பூட்டுப்போட்டுக் கழற்றக்கூடியதாக. சாவி தண்ணீர்த் துறைக்கும் தீயணைப்புக்கும். தூண்களுக்கு முன்னால் வெறும் திடல் விடாதீர்கள். வண்டியைப் பின்னால் எடுத்துக் கட்டட இடிபாட்டைக் கொட்ட அதுவே வசதி. பெரிய பாறைகளை நெருக்கமாகப் போட்டு அந்த இடத்தை நிரப்புங்கள். குப்பை ஒருமுறை விழுந்து ஒரு வாரம் கிடந்தால் அடுத்த லாரி தானாக வரும்.

சில்வர்கிளென் காப்பகத்துக்குள் வேறு விதி. புல்வெளியும் மூலிகைத் தோட்டமும் உள்ள இடம். காங்கிரீட் கேட்காதீர்கள், கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 1.2 முதல் 1.5 மீட்டர் அகல மண்தடம், பள்ளத்துப் பக்கம் 5 சதவீதச் சாய்வு, தடத்தின் ஏற்றம் 10 சதவீதத்துக்குள், அதுவும் மலைச்சரிவின் சதவீதத்தில் பாதியைத் தாண்டாமல். சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்பதைக் காப்பக நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

உம்லாஸ் ஆற்றைத் தாண்டி உம்லாஸிக்கு இணைப்பு வேண்டுமா என்ற கேள்வி எப்படியும் எழும். பொறியியல் அதில் சின்னப் பங்கு. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இரு பக்கமும் அச்சம் இருக்கிறது. ஆனால் வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்துபோவதை உங்கள் எண்ணிக்கைத் தாளே காட்டும். இரு வார்டு குழுக்களும் சேர்ந்து கேட்காத பாலத்தைக் கட்டாதீர்கள். கேட்டால் முதலாவதாக அதையே கட்டுங்கள். சுற்றுவழி விகிதத்தில் அதை மிஞ்சும் துண்டு வேறு இருக்க வாய்ப்பில்லை.

அனுமதிகளில் நாலு. ஓடையின் கரையையோ படுகையையோ மாற்றினால் 1998 தேசிய நீர்ச் சட்டம், பிரிவு 21 (சி), (ஐ). ஆபத்துக் குறைவான சின்னத் தாண்டல்கள் பொது அங்கீகாரத்திலேயே முடியும். படுகையில் 10 கன மீட்டருக்கு மேல் மண் நிரப்பினாலோ அள்ளினாலோ சூழல் அனுமதி. நீளம் 300 மீட்டரைத் தாண்டும் பாதை என்றால் 1999 மரபுவளச் சட்டம், பிரிவு 38-இன்படி மாகாண மரபு நிறுவனமான அமாஃபாவுக்குத் தெரிவிக்கவேண்டும். (290 மீட்டராக வெட்டி வெட்டி விண்ணப்பிக்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒரே திட்டம் என்று தெரிந்தால் எல்லாம் சேர்ந்து நிற்கும்.) டி-மாஸ் எல்லைக்குள் நகராட்சியின் பல்லுயிர்ப் பிரிவின் ஒப்புதல். இன்னொன்று சட்டத்தில் ஒளிந்திருக்கிறது: சாலையின் ஒரு பகுதியைச் சைக்கிளுக்கென ஒதுக்கிவிட்டால், அந்தச் சாலையின் வேறு பகுதியில் சைக்கிள் ஓட்டுவது விதிமீறல். ஆகவே அரைகுறையான, குப்பை நிறைந்த ஒரு பட்டைக்குச் சைக்கிள் சின்னம் வரைய அவசரப்படாதீர்கள். பகிர்பாதை என்று பலகை வைத்தால் போதும். ஹெல்மெட் கட்டாயம் என்பது தெரிந்ததே.

பராமரிப்பைத் திட்டத்தோடு சேர்த்தே கேளுங்கள். டர்பனில் சிஷ்லான்சிம்வெலோ என்ற திட்டத்தில் உள்ளூர்க் கூட்டுறவுக் குழுக்கள் கூலிக்கு ஓடைகளைச் சுத்தம் செய்கின்றன. உங்கள் பாதையும் ஓடையோரம்தான் போகிறது; அதே ஆட்களின் வேலைப்பட்டியலில் பாதையோரப் புல், குழாய் வாய், குறுக்குத் தாழ்வு மூன்றையும் சேர்க்கச் சொல்வது எளிது. செப்டம்பரில் மழைக்குமுன் ஒருமுறை எல்லாக் குழாயும் திறந்திருக்கவேண்டும், ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாள் ஒருவர் முழுத் தடத்தையும் நடந்து பார்க்கவேண்டும். கையகல அரிப்பை அன்றே கல் போட்டு அடைத்தால் ஒரு தள்ளுவண்டி வேலை, மார்ச் வரை விட்டால் லாரி வேலை.

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட் மார்ச் முடிவுக்குள் மன்றத்துக்கு வரும், ஏப்ரல், மே மாதங்களில் பொதுமக்கள் கருத்து. மே மாதம் போய்க் கேட்டால் எல்லாத் தொகையும் ஒதுக்கி முடிந்திருக்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள், ஐடிபி எனப்படும் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டக் கூட்டங்கள் நடக்கும்போதே, வார்டு கவுன்சிலர் வழியாகவும் போக்குவரத்து ஆணையத்துக்கு நேராகவும் ஒரே கடிதத்தைக் கொடுங்கள். இரண்டு பக்கம் போதும்: ஐந்து துண்டுகளின் வரைபடம், ஒவ்வொன்றின் சுற்றுவழி விகிதம், எண்ணிக்கைத் தாள், நில உரிமையாளர் யார் என்ற குறிப்பு, பள்ளி முதல்வரின் கையெழுத்து. ஐந்தில் ஒன்றையாவது ஓடைத் தாண்டல் இல்லாத துண்டாக வையுங்கள். அதற்கு நீர் அனுமதி வேண்டியதில்லை, அந்த நிதியாண்டிலேயே வேலை தொடங்கிவிடும்.